ஆகாயத்தில் அளந்ததை அலமாரியில் பூட்டலாமா?

பழனி மலைக்குப் பக்கத்திலுள்ள நமது பாலசமுத்திரம் போன்ற ஊர்களில்கூட இப்போது ஒரு புதுப் புரட்டு கைப்பேசி வழியாக நுழைந்திருக்கிறது. கோயில் இருக்கும் இடமெல்லாம் பூமியிலிருந்து "நல்ல கதிர்" வீசுகிற இடமாம். முன்னோர்கள் அதைக் கண்டறிந்தே அங்கு கோயில் கட்டினார்களாம்! புராணம் விலைபோகாத இடத்தில் விஞ்ஞானத்தின் பெயரைத் திருடி விற்கிறார்கள் என்பதைத் தவிர இதில் வேறு என்ன சங்கதி இருக்கிறது?

கதிர் என்பது மந்திரமல்ல, அளக்கக்கூடிய பொருள். மண்ணிலும் பாறையிலும் இயற்கையாகவே இருக்கும் பொட்டாசியம், யுரேனியம், தோரியம் ஆகியவற்றால் காமாக் கதிர் உண்டாகிறது. அதை அளக்க விமானத்தில் சோடியம் அயோடைடு படிகங்களை வைத்துக்கொண்டு, சுமார் நூறு மீட்டர் உயரத்தில், ஏர் ஓட்டுவதுபோல வரிவரியாகப் பறக்கிறார்கள். ஒவ்வொரு பொருளின் கதிருக்கும் தனித்தனிச் சக்தி அளவு உண்டு. ஆதலால் எது எவ்வளவு என்று கருவி பிரித்துக் காட்டுகிறது. வான்வெளிக் கதிரையும் காற்றிலுள்ள ரேடானையும் கணக்கில் கழித்துவிட்டுப் படம் வரைகிறார்கள். இதில் தெரிவது மேல்மண்ணில் ஓரிரு அடி ஆழத்துச் செய்திதான். அதை விஞ்ஞானியே ஒளிக்காமல் சொல்லுகிறான். இந்தக் கருவிக்குக் கருவறைக் கருங்கல்லும் மாட்டுக்கொட்டகைக் கருங்கல்லும் ஒன்றே!

நம் நாட்டில் அணுசக்தித் துறையின் அணுக் கனிம இலாகா 1950களிலிருந்தே இவ்விதம் பறந்து யுரேனியம் தேடி வருகிறது. பாபா அணு ஆராய்ச்சி நிலையம் விபத்துக் காலத்தில் அளப்பதற்கும் விமானக் கருவி செய்து வைத்திருக்கிறது.

மணவாளக்குறிச்சிக் கடற்கரையிலும் கேரளக் கரையிலும் மோனசைட் மணலில் தோரியம் இருப்பதால் அங்கு கதிர் அதிகம். அதற்காக அங்கே மோட்சம் கிட்டிவிடவில்லை. கருநாகப்பள்ளியில் சுமார் 70,000 பேரை வருஷக்கணக்கில் கவனித்து 2009இல் வெளியான ஆராய்ச்சியில், அந்த இயற்கைக் கதிரால் புற்றுநோய் அதிகமானதாகவும் காணப்படவில்லை. ஆகவே, பக்தியைக் கிளப்புகிறவனுக்கும் வீண் பீதியைக் கிளப்புகிறவனுக்கும் அளவுகோலே பதில்.

ஆனால் அளந்துவிட்டால் மட்டும் போதுமா? 2011 மார்ச்சில் ஜப்பானில் ஃபுகுஷிமா அணு உலைகளில் விபத்து நேர்ந்தபோது, அமெரிக்க விமானங்கள் 17ஆம் தேதி முதல் 19ஆம் தேதி வரை பறந்து அளந்தன. நஞ்சு வட்டமாகப் பரவவில்லை. காற்றும் மழையும் பனியும் கொண்டு போனபடி வடமேற்கே நீண்டு கிடந்தது என்று படம் காட்டிற்று. அந்தப் படம் ஜப்பான் அதிகாரிகள் கைக்கு உடனே போயும், ஜனங்களை வெளியேற்ற அது பயன்படுத்தப்படவில்லை என்பது 2012இல் வெளியாயிற்று. அந்தத் திசையிலிருந்த ஈத்தாத்தே கிராமத்தாருக்கு வெளியேறும்படி சொன்னது ஏப்ரலில்தான். அதுவரை குழந்தை குட்டிகளோடு அவர்களில் பலர் அங்கேயே இருந்தார்கள். கருவி பொய் சொல்லவில்லை. மனிதன் மறைத்தான், அல்லது அலட்சியம் செய்தான். இரண்டில் எதுவானாலும் துன்பப்பட்டவன் குடியானவன்தானே?

கல்பாக்கமும் கூடங்குளமும் நமது தமிழ்நாட்டில்தான் இருக்கின்றன. அவற்றின் பக்கத்திலுள்ள மீனவனுக்கும் உழவனுக்கும் தன் ஊர் மண்ணின் கதிர் அளவு தெரிய வேண்டாமா? இன்றைய அளவு தெரிந்தால்தானே நாளை ஏறினால் ஏறிற்று என்று கேட்க முடியும்? இதற்குப் பெரிய செலவு ஒன்றுமில்லை. அளந்த படத்தைத் தமிழில் அச்சிட்டு, எண்ணுக்கு அர்த்தம் எழுதி, பஞ்சாயத்துச் சாவடியிலும் பள்ளிக்கூடத்திலும் ஒட்டினால் போதும்.

"உனக்குப் புரியாது, எங்களை நம்பு" என்று சொல்லுவதுதான் புரோகிதம். அதைப் பூணூல் போட்டவன் சொன்னாலும் கோட்டுப் போட்டவன் சொன்னாலும் புரோகிதமே. நம்மவர் காதில் விழக்கூடாதென்று பூட்டி வைத்த வேதத்திற்கும், நம் பணத்தில் அளந்து நமக்குக் காட்டாத படத்திற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கின்றோம்.