நான் மறக்கவில்லை

மாதம் பிறந்து நாலைந்து நாளில் அந்தப் பெண் போன் செய்துவிடுவாள். நல்ல பிள்ளை, ஒருநாளும் முகம் சுளித்த குரலில் பேசியதில்லை. “மேடம், பேஷண்ட் சப்போர்ட்ல இருந்து பேசறோம். மாத்திரை ரெகுலரா எடுத்துக்கறீங்களா? டவுட் ஏதாவது இருக்குங்களா?” என்பாள்.

இருக்கிறது கண்ணு. ஒரே ஒரு டவுட்தான். மாத்திரை ஒன்று 39 ரூபாய். நாளைக்கு மூன்று. மாதம் 3,510 ரூபாய். பஸ் பாடி கட்டும் பட்டறையில் உதவியாளாக நிற்கும் என் வீட்டுக்காரருக்கு வாரக் கூலி 2,300. வாடகை, அரிசி, பையனின் பாலிடெக்னிக் பீஸ் எல்லாம் போக இந்தக் கணக்கை எப்படி நேர் செய்வது? ஒவ்வொரு மாதமும் இதைக் கேட்டுவிட வேண்டும் என்று நினைப்பேன். போன் வந்ததும் “எடுத்துக்கறேனுங்” என்று சொல்லி வைத்துவிடுவேன்.

பொய்தான் சொன்னேன். மூன்று மாதமாக நான் இரண்டு மாத்திரைதான் போடுகிறேன். மத்தியான மாத்திரையை நிறுத்திவிட்டேன். வீட்டில் யாருக்கும் தெரியாது.

எனக்கு வந்திருப்பது கல்லீரல் நோய். இதைச் சொன்னதும் எதிரில் இருப்பவர் கண் முதலில் என் வீட்டுக்காரர் பக்கம் போகும். ஒரு சீர் வீட்டில் பெரியம்மா முறையுள்ள ஒருத்தி எல்லார் முன்னாடியும் கேட்டாள்: “மாப்பிள்ளை ரொம்பக் குடிப்பாரா அம்மிணி?” அவருக்கு இல்லீங், எனக்குத்தான் என்றேன். அதன்பிறகு அவள் என்னைப் பார்த்த பார்வையை நான் என்னவென்று எழுத! காபியைக்கூட இரண்டாவது டம்ளர் கேட்காதவள் நான். அன்றைக்குப் பந்தியில் உட்காராமல் வந்துவிட்டேன்.

ஆரம்பத்தில் வெறும் அரிப்பு. உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும், ராத்திரியானால் தாங்காது. வேப்பிலை அரைத்துப் பூசினேன். சிரங்கு என்று களிம்பு கொடுத்தார்கள். வேலை பார்த்த டெக்ஸ்டைல் கம்பெனியில் சாயம் ஏறிய துணியைத் தொடுவதால் அலர்ஜி என்றார் இன்னொருவர். மெத்தை உறை தைத்துக்கொண்டிருந்த வேலையை அதற்காக விட்டேன். இப்போது வீட்டிலிருந்தே பிசிறு வெட்டிக் கொடுக்கிறேன், உருப்படிக் கணக்குக் கூலி. அரிப்பு நிற்கவில்லை. கூடவே ஒரு அசதி வந்தது. குடம் தண்ணீரை இடுப்பில் எடுத்துவிட்டு, அதை எங்கே இறக்குவது என்று யோசிக்கிற அசதி. ‘சோம்பேறித்தனம்’ என்று மாமியார் சொன்னதில் தப்பில்லை. பார்க்க அப்படித்தான் இருக்கும். இப்படியே இரண்டு வருடம் போனபிறகுதான் ஒரு டாக்டரம்மா ரத்தத்தில் ஏ.எம்.ஏ. என்று ஒரு டெஸ்ட் எழுதினார். நோய்க்குப் பெயர் கிடைத்தது. பி.பி.சி.

மருந்துக் கடைத் தம்பி அந்தச் சீட்டைப் பார்த்துவிட்டு “ரேடியோவாக்கா?” என்று சிரித்தான். எனக்கும் சிரிப்பு வந்தது. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுதானே.

டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். உடம்பைக் காக்கிற எதிர்ப்புச் சக்தியே புத்தி மாறிக் கல்லீரலுக்குள் இருக்கிற நுண்ணிய பித்தக் குழாய்களைத் தாக்குகிறது. பித்தம் வெளியேற வழியில்லாமல் தேங்கித் தேங்கிக் கல்லீரல் வடுவாகிவிடும். வருவது பெரும்பாலும் பெண்களுக்கு. அதுவும் நாற்பதுக்கு மேல். குடிக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. முன்பு இதன் பெயரிலேயே ‘சிரோசிஸ்’ என்று இருந்ததாம். அந்தச் சொல்லால் உலகம் முழுக்க நோயாளிகளுக்குக் குடிகாரப் பட்டம் வந்ததால், அவர்களே போராடி 2015-இல் ‘கோலாஞ்சைட்டிஸ்’ என்று மாற்ற வைத்தார்களாம். நல்ல காரியம். எங்கள் தெருவுக்கு அந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை.

நான் பொருமுவது அதற்காக மட்டும் இல்லை. பேச்சு பேசினால் காதை மூடிக்கொள்ளலாம். விலையை எதைக் கொண்டு மூடுவது?

இந்த நோய்க்கு முதல் மருந்து உர்சோ. முழுப் பெயர் அர்சோடிஆக்சிகோலிக் அமிலம். கரடியின் பித்தத்தில் இருந்து கண்டுபிடித்ததாம், உர்சஸ் என்றால் லத்தீனில் கரடியாம். எடைக்குத் தகுந்த அளவு, கிலோவுக்கு 13 முதல் 15 மில்லிகிராம், தினமும், ஆயுசுக்கும். ஒழுங்காகச் சாப்பிட்டு, உடம்பும் அதற்குப் பணிந்தால், பலருக்குக் கல்லீரல் கெடாமலே வயசு போய்விடும் என்றார் டாக்டரம்மா. அதைக் கேட்டு அன்றைக்கு நான் சந்தோஷமாகத்தான் வீட்டுக்கு வந்தேன். கேன்சர் இல்லை, ஆபரேஷன் இல்லை, மூன்று மாத்திரை. மூன்று மாத்திரை என்பது என்னவென்று எனக்கு அன்றைக்குத் தெரியாது.

எங்களிடம் அரசுக் காப்பீட்டு அட்டை இருக்கிறது. வருட வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் கிடைக்கும் அட்டை. அவர் கூலியை மட்டும் கணக்கில் எடுத்தால், வாரம் 2,300 வீதம் 52 வாரத்துக்கு 1,19,600. நானூறு ரூபாய் வித்தியாசத்தில் உள்ளே இருக்கிறோம். முதலாளி மனசு வந்து வாரம் ஐம்பது ரூபாய் ஏற்றிக் கொடுத்தால் வரம்பைத் தாண்டிவிடுவோம். கூலி கூட வேண்டாமே என்று பயப்படுகிற குடும்பத்தை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? வந்து பாருங்கள்.

அந்த அட்டையில் குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை. மனசார நன்றி சொல்கிறேன், பக்கத்து வீட்டுக்காரரின் இதய ஆபரேஷன் அதில்தான் நடந்தது. நானும் ஆஸ்பத்திரி கவுண்டரில் அட்டையை நீட்டினேன். அங்கே இருந்த பையன் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. “அட்மிஷன் ஆகியிருக்கீங்களாக்கா?” இல்லை, மாத்திரைக்கு. “மாத்திரைக்கு இல்லீங்க. படுக்கையில சேர்ந்தாத்தான்.”

படுக்கையில் எப்போது சேர்வேன் தம்பி? கல்லீரல் சுருங்கி, வயிற்றில் நீர் கோத்து, உணவுக்குழாயில் ரத்த நாளம் புடைத்து, ஒருநாள் ராத்திரி ரத்தமாக வாந்தி எடுத்தால் சேர்வேன். அப்போது என் அட்டை செல்லும். எண்டோஸ்கோப்பி வைத்து அந்த நாளத்தைக் கட்டுவார்கள். ரத்தத்தில் தேங்கிய நஞ்சு மூளைக்கு ஏறி நான் பெற்ற பிள்ளையை யாரென்று கேட்டால் அதற்கும் படுக்கை கொடுப்பார்கள். அதையும் தாண்டினால் மாற்றுக் கல்லீரல். தனியார் ஆஸ்பத்திரியில் பெரும்பாலும் 20 லட்சத்தை ஒட்டித்தான் பேசுகிறார்கள். அத்தனைக்கும் ஏதாவது ஒரு வழி, ஒரு நிதி, ஒரு மனு இருக்கிறது. அந்த நிலைமைக்குப் போகாமல் தடுக்கிற மூன்று மாத்திரைக்கு ஒரு வழியும் இல்லை. நான் படித்தது பத்தாவதுதான், இருந்தாலும் பெருக்கத் தெரியும். மாதம் 3,510 என்றால் வருடம் 42,120. பத்து வருடத்துக்கு 4,21,200. என் உடம்பு கெட்டபிறகு ஒரே வருடத்தில் கொடுக்கத் தயாராக வைத்திருக்கிற 5 லட்சத்துக்குள், உடம்பு கெடாமல் இருக்கப் பத்து வருட மாத்திரை அடங்கி, மிச்சமும் இருக்கிறது. இந்தக் கணக்கை யாராவது ஒரு அதிகாரி ஒரு சாயங்காலம் உட்கார்ந்து போட்டிருக்க மாட்டாரா?

பெரியாஸ்பத்திரிக்குப் போகவில்லையா என்று கேட்பீர்கள். போனேன். சில மாதம் கொடுத்தார்கள், 15 நாளுக்கு ஒரு தடவை. பெண்களுக்கு இலவசம் என்பது டவுன் பஸ்ஸோடு சரி. வெளியூர் பஸ்ஸுக்குக் காசு. அன்றைய பிசிறுக் கூலியும் போகும். ஐந்தாவது மாதம் “சப்ளை வரலை, வெளியில வாங்கிக்குங்க” என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். மலிவு விலை மருந்துக் கடையில் இதே மருந்து பாதி விலைக்கும் கீழே கிடைக்கிறது, அதை மறைக்கக் கூடாது. இருக்கிற நாளில் கிடைக்கிறது. “அடுத்த வாரம் வாங்கக்கா” என்கிற நாள்தான் அதிகம். கல்லீரலுக்கு அடுத்த வாரம் தெரியுமா?

எங்கள் வீதிக்கு மகளிர் குழுவில் இருந்து ஒரு அக்கா பையோடு வருவார். வீடு தேடி மருந்து கொடுக்கும் திட்டம், 2021-இல் தொடங்கியது. மாமியாருக்குப் பிரஷர் பார்த்து, சர்க்கரை பார்த்து, மாத்திரையை எண்ணிக் கொடுத்துவிட்டு நோட்டில் கையெழுத்து வாங்குவார். திண்ணையில் உட்கார்ந்து பிசிறு வெட்டியபடி பார்த்துக்கொண்டிருப்பேன். ஒருநாள் வெட்கத்தை விட்டுக் கேட்டேன். “உனக்கு என்ன மாத்திரைடா?” என்று பையைத் துழாவினார் பாவம், இல்லை என்று தெரிந்தே துழாவினார். அவர் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை.

தம்பி கோயம்புத்தூரில் வேலையில் இருக்கிறான். இரண்டு வருடம் அவன்தான் வாங்கிக் கொடுத்தான். வரிக் கழிவு கிடைக்குமா என்று அவன் ஆடிட்டரைக் கேட்டிருக்கிறான். அப்போது வருமான வரியில் 80டிடிபி என்று ஒரு பிரிவாம். புற்றுநோய் உண்டு, நாள்பட்ட சிறுநீரகச் செயலிழப்பு உண்டு, தலசீமியா உண்டு. கல்லீரல் இல்லை. சென்னைக்குப் பெரிய டாக்டரைப் பார்க்கக் கிளம்பியபோது ரயில் சலுகைப் பட்டியலைப் பையன் போனில் பார்த்தான். இதயம் இருக்கிறது, கிட்னி இருக்கிறது, காசநோய் இருக்கிறது. கல்லீரல் இல்லை. பதறினால் ‘ஈரக்குலை நடுங்குது’ என்று சொல்கிற ஊர் இது. அந்த ஈரலுக்கு ஒரு பட்டியலில்கூட இடம் கிடையாது. குடித்துக் கெடுத்துக்கொண்டதுதானே என்று பட்டியல் போட்டவரும் நினைத்திருப்பார். குடித்துக் கெடுத்துக்கொண்டவன் மட்டும் மனுஷன் இல்லையா என்று கேட்கவும் எனக்கு வாய் வருகிறது. அது வேறு சண்டை.

முடியாத காரியம் என்று மட்டும் என்னிடம் சொல்லாதீர்கள். ஹெபடைடிஸ் சி வைரஸுக்கான சோஃபோஸ்புவிர் மாத்திரை 2013-இல் அமெரிக்காவில் வந்தபோது ஒன்று ஆயிரம் டாலர். 12 வாரத்துக்கு 84 மாத்திரை, 84,000 டாலர். இந்தியக் கம்பெனிகள் செய்ய ஆரம்பித்ததும் விலை சரிந்தது. 2018 ஜூலையில் தேசியத் திட்டம் போட்டு அரசு ஆஸ்பத்திரியில் இலவசமாகவே கொடுக்கத் தொடங்கிவிட்டார்கள். அதுவும் கல்லீரல் நோய்தான். நினைத்தால் நடக்கிறது.

இனி மாதாமாதம் போன் செய்கிற மருந்துக் கம்பெனியின் ‘ஆதரவுத் திட்டம்’. டாக்டர் அறை வாசலில் டை கட்டிய பையன் ஒரு படிவம் நீட்டினான், கையெழுத்துப் போட்டேன். நாள் போட்ட மாத்திரை டப்பா ஒன்று வந்தது. வழவழப்பான உணவுப் புத்தகம் ஒன்று வந்தது. ஆலிவ் எண்ணெய் ஊற்று, அவகாடோ சாப்பிடு என்று படத்தோடு போட்டிருக்கிறார்கள். எங்கள் உழவர் சந்தையில் போய் அவகாடோ கேட்டுப் பாருங்கள். அப்புறம் சலுகை: பத்து அட்டை சேர்ந்தாற்போல் வாங்கினால் ஒன்று இலவசம். அட்டைக்கு 15 மாத்திரை, பத்து அட்டை 5,850 ரூபாய். அரை அட்டையைக் கத்தரித்துக் கொடுங்கள் தம்பி என்று கடையில் நிற்கிறவளிடம் சொல்கிற சலுகையா இது? கையில் 5,850 இருந்தால் உன் இலவசம் எனக்கு எதற்கு?

போன மாதம் ரத்தம் கொடுத்துப் பார்த்ததில் ஏ.எல்.பி. என்கிற கல்லீரல் கணக்கு ஏறியிருந்தது. 120-க்குள் இருக்க வேண்டியது, 240-இல் நின்றிருந்தது, இப்போது 410. டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு “ஒழுங்கா சாப்பிடறீங்களா இல்லையா?” என்று அதட்டினார். பக்கத்தில் என் வீட்டுக்காரர் நிற்கிறார். சட்டைக் காலரில் பெயிண்ட் கறை. ‘சாப்பிடறேனுங்’ என்றேன். அப்படியானால் மருந்து வேலை செய்யவில்லை, கூட இன்னொன்று சேர்க்க வேண்டியிருக்கும் என்றார். விலை கேட்டேன். பையன் அன்று ராத்திரி அந்த வகை மருந்துகளைத் தேடிப் படித்துவிட்டுச் சொன்னான், ஒபெடிகோலிக் என்று ஒன்று 2016-இல் அமெரிக்காவில் வந்தபோது வருடத்துக்கு 69,000 டாலருக்கு மேலாம், 2025-இல் அங்கே விற்பனையில் இருந்தே எடுத்துவிட்டார்களாம். நான் கேட்டுக்கொண்டே மத்தியானம் போடாத மாத்திரையை நினைத்துக்கொண்டிருந்தேன். மருந்து வேலை செய்யும் டாக்டரம்மா. போட்டால் செய்யும்.

இந்த மாதம் அந்தப் பெண் கூப்பிட்டபோது நான் சொல்லிவிட்டேன். வீட்டில் யாரும் இல்லை, அடுப்பில் ரசம். “ரெண்டுதான் போடறேன் கண்ணு. மூணு மாசமா.”

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு கீபோர்டு தட்டும் சத்தம். “ஏன் மேடம்?”

“காசில்லை. அப்படியே எழுது.”

“அந்த ஆப்ஷன் இல்லீங்க மேடம்.” அவள் குரல் இறங்கிவிட்டது. “மறந்துட்டாங்க, சைடு எஃபெக்ட், டாக்டர் நிறுத்தச் சொன்னாங்க. மூணுல ஒண்ணுதான் போட முடியும். போட்டாத்தான் அடுத்த பக்கம் போகும்.”

நான் மறக்கவில்லை என்றேன். இரண்டு தடவை சொன்னேன். ரசம் பொங்கி வழிந்தது, அடுப்பை அணைக்கத் திரும்பினேன். திரும்பிப் போனை எடுத்தபோது அவள், “சரிங்க மேடம், இனிமே தினமும் மத்தியானம் ஒரு ரிமைண்டர் மெசேஜ் வர்ற மாதிரி செட் பண்ணியிருக்கேன்” என்றாள்.

தினமும் ஒன்றரை மணிக்கு வருகிறது.