இலங்கைக்கு நான்கு நாள், காபூலுக்கு நான்கு ஆண்டா?

2023 நவம்பர் 2 அன்று மும்பை வான்கடே மைதானத்தில் இலங்கை அணி இந்தியாவிடம் 55 ரன்னுக்குச் சுருண்டது. ஊரே கொந்தளித்தது. அந்நாட்டு விளையாட்டுத் துறை அமைச்சர் ரொஷான் ரணசிங்க 6ஆம் தேதி கிரிக்கெட் வாரியத்தைக் கலைத்துவிட்டு, அர்ஜுன ரணதுங்க தலைமையில் இடைக்காலக் குழுவை உட்காரவைத்தார். மறுநாளே நீதிமன்றம் அதற்குத் தடை போட்டது. அப்படியும் சர்வதேச கிரிக்கெட் கவுன்சிலான ஐ.சி.சி.யின் கோபம் தணியவில்லை. 10ஆம் தேதி இலங்கையின் உறுப்பினர் தகுதியை நிறுத்திவைத்தது. அடுத்த சில நாட்களில், அங்கே நடக்கவிருந்த 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையையும் எடுத்துத் தென்னாப்பிரிக்காவிடம் கொடுத்தது. சொன்ன காரணம் ஒன்றுதான்: வாரியத்தில் அரசின் தலையீடு. அமைச்சர் கைவைத்த நாளிலிருந்து தண்டனை வந்துசேர நான்கே நாள்.

அதே ஐ.சி.சி.யின் இன்னொரு முழு உறுப்பினர் நாடு ஆப்கானிஸ்தான். 2021 ஆகஸ்டில் காபூலைப் பிடித்த தாலிபான், அங்கே பெண்கள் மட்டையைத் தொடுவதையே இல்லாமல் ஆக்கிவிட்டது. பெண்கள் கிரிக்கெட் ஆடவேண்டிய அவசியமே இல்லை, ஆடினால் முகமும் உடலும் வெளியே தெரியும் என்று அதன் கலாசார ஆணையத்தின் துணைத் தலைவர் அகமதுல்லா வாசிக் அந்தச் செப்டம்பரிலேயே ஆஸ்திரேலியத் தொலைக்காட்சியிடம் வெளிப்படையாகச் சொன்னார். நான்கு ஆண்டுக்கு மேல் ஓடிவிட்டது. இதில் அரசின் தலையீடு எதுவும் ஐ.சி.சி.யின் கண்ணுக்குத் தெரியவில்லை. வாரியத்தைக் கலைத்தால் குற்றம், ஒரு பாலினத்தையே ஆட்டத்திலிருந்து அழித்தால் உள்நாட்டு விவகாரம் என்கிற இந்த விசித்திர நீதியை வன்மையாகக் கண்டிக்கிறோம்.

ஜிம்பாப்வேயின் கதையையும் இங்கே நினைவூட்ட வேண்டும். 2019 ஜூலையில் அரசுத் தலையீடு என்று சொல்லி அந்நாட்டை ஐ.சி.சி. இடைநீக்கம் செய்தது. அக்டோபரில் திரும்பச் சேர்த்துக்கொண்டது. இடைப்பட்ட மாதங்களில் பலியானவர்களில் ஜிம்பாப்வே மகளிர் அணியும் உண்டு. டி20 உலகக் கோப்பைத் தகுதிச்சுற்றில் அவர்கள் ஆடவேண்டிய இடம் நமீபியாவுக்குப் போனது. நிர்வாகத் தகராறில் எந்தப் பங்கும் இல்லாத பெண்களைத் தண்டிக்கும்போது வராத தயக்கம், பெண்களை விரட்டிய ஒரு ஆட்சியின் முன்னால் மட்டும் எங்கிருந்து வருகிறது?

ஐ.சி.சி. ஒன்றுமே செய்யவில்லையா என்றால், குழு போட்டது. 2021 நவம்பரில் இம்ரான் குவாஜா தலைமையில் ஒரு பணிக்குழு அமைந்தது. அது ஓராண்டு கழித்து தோஹாவில் தாலிபான் பிரதிநிதிகளைச் சந்தித்தது. மகளிர் கிரிக்கெட் உட்பட ஐ.சி.சி. விதிகளைக் கொள்கை அளவில் மதிப்பதாக அவர்கள் சொன்னதைப் பெரிய வெற்றிபோல அறிக்கையாக வெளியிட்டது. அறிக்கையின் மை காய்வதற்குள், அதே நவம்பரில், பெண்கள் பூங்காவுக்கும் உடற்பயிற்சிக் கூடத்துக்கும் போகத் தடை வந்தது. டிசம்பரில் பல்கலைக்கழகக் கதவுகள் மூடின. ஆறாம் வகுப்புக்கு மேல் சிறுமிகளுக்குப் பள்ளி இல்லை என்பது அதற்கு முந்தைய ஆண்டே நடைமுறைக்கு வந்துவிட்டது. பூங்காவில் நடக்கவே விடாதவர்கள் பந்து வீச விடுவார்கள் என்று தோஹா ஓட்டலில் உட்கார்ந்து நம்பியவர்களை என்னவென்று சொல்வது!

யாருடைய பெயரில் இந்த நாடகம் நடக்கிறது என்பதையும் பார்ப்போம். 2017 ஜூனில் அயர்லாந்தோடு சேர்த்து ஆப்கானிஸ்தானுக்கும் முழு உறுப்பினர் தகுதி கிடைத்தது. மகளிர் கிரிக்கெட்டை வளர்ப்பது அந்தத் தகுதியோடு வரும் கடமை. அந்தக் கடமைக்காகத்தான் 2020 நவம்பரில் 25 பெண்களுக்கு ஆப்கான் வாரியம் ஒப்பந்தம் கொடுத்தது. ஓர் ஆண்டு முடிவதற்குள் அவர்கள் உயிருக்குப் பயந்து எல்லை தாண்டவேண்டி வந்தது. பெரும்பாலோர் ஆஸ்திரேலியாவில் தஞ்சம் புகுந்து மெல்பர்னிலும் கான்பெராவிலும் வாழ்கிறார்கள். அவர்களை வெளியே கொண்டுவர ஓடியாடியவர்களில் முன்னாள் ஆஸ்திரேலிய வீராங்கனை மெல் ஜோன்ஸ் ஒருவர். ஐ.சி.சி.யின் துபாய் தலைமையகத்துக்காரர்கள் அல்ல.

அந்தப் பெண்கள் சும்மா இருக்கவில்லை. 2024 நடுவில் ஐ.சி.சி. தலைவருக்குக் கடிதம் எழுதினார்கள். எங்களை அகதிகள் அணியாக ஏற்றுக்கொள்ளுங்கள், ஆஸ்திரேலியாவிலிருந்தே ஆடுகிறோம் என்பதுதான் கோரிக்கை. கோப்பையையோ கோடிகளையோ அவர்கள் கேட்கவில்லை. கடைசியில் 2025 ஜனவரி 30 அன்று மெல்பர்னின் ஜங்ஷன் ஓவல் மைதானத்தில் ஒரே ஒரு காட்சி ஆட்டம் நடந்தது. எல்லையில்லா கிரிக்கெட் என்ற தொண்டு அமைப்பின் அணியோடு நஹிதா சபன் தலைமையில் ஆடினார்கள். தோற்றார்கள். மூன்றரை ஆண்டு கழித்து ஒன்றாகக் களம் இறங்கியவர்களின் தோல்வியைப் பற்றிப் பேச யாருக்கும் தகுதியில்லை. அன்றே அதே ஊரில், சில கிலோமீட்டர் தள்ளி, எம்.சி.ஜி.யில் மகளிர் ஆஷஸ் டெஸ்ட் தொடங்கியது. ஒரு மைதானத்தில் நடந்தது சாதனைப் புத்தகத்தில் ஏறியது. இன்னொன்றில் எடுத்த ரன்னுக்கும் விக்கெட்டுக்கும் எந்தக் கணக்கும் இல்லை.

2025 ஏப்ரலில் ஐ.சி.சி. இன்னொரு அறிவிப்பு செய்தது. இந்திய, இங்கிலாந்து, ஆஸ்திரேலிய வாரியங்களோடு சேர்ந்து ஒரு செயற்குழுவும், இந்தப் பெண்களுக்கு ஒரு நிதியும், பயிற்சித் திட்டமும். தாமதமாக வந்தாலும் நல்லதுதான். ஆனால் அணி என்ற அங்கீகாரம் எங்கே? பயிற்சி கொடுத்து, ஊக்கமளித்து, எந்த நாட்டுக்காகவும் ஆடவிடாமல் உட்காரவைப்பது, இலை போட்டுத் தண்ணீர் தெளித்துவிட்டுச் சோறு பரிமாறாத பந்திதான். தருமம் செய்வதான நினைப்பை விடுங்கள். ஆப்கான் வாரியத்துக்கு ஐ.சி.சி. வருமானத்தில் ஆண்டுக்கு ஒன்றரைக் கோடி டாலருக்கு மேல் பங்கு போகிறது என்று 2023இல் புதிய பங்கீட்டு முறை வந்தபோது செய்திகள் வெளியாயின. முழு உறுப்பினர் என்ற முறையில் வரும் அந்தப் பணத்தில் பெண்களுக்கும் பாத்தியதை உண்டு. அவர்கள் பங்கில் ஒரு காசாவது அவர்களுக்குப் போய்ச்சேர்ந்ததா என்று கேட்கும் தைரியம் ஐ.சி.சி.க்கு வேண்டும்.

ஆப்கான் ஆண்கள் அணிமீது நமக்குக் கோபம் இல்லை. பெஷாவர் அகதி முகாம்களில் டேப் பந்தும் கிடைத்த கட்டையுமாகத் தொடங்கியவர்கள், 2024 டி20 உலகக் கோப்பையில் ஆஸ்திரேலியாவை வீழ்த்தி அரையிறுதிவரை வந்தது இந்தக் காலத்து விளையாட்டின் பெரிய அதிசயங்களில் ஒன்று. சென்னை ரசிகர்கள் அவர்களைக் கண்ணாரக் கண்டவர்கள். 2023 அக்டோபர் 23 அன்று சேப்பாக்கத்தில் பாகிஸ்தான் வைத்த 283 ரன் இலக்கை இரண்டே விக்கெட் இழந்து எட்டினார்கள். மைதானம் ஆர்ப்பரித்தது, ரஷீத் கானோடு இர்பான் பதான் ஆட்டமே போட்டார். அன்று 87 ரன் எடுத்து ஆட்ட நாயகன் ஆன இப்ராகிம் ஜத்ரான், பாகிஸ்தானிலிருந்து திருப்பி அனுப்பப்படும் ஆப்கான் அகதிகளுக்குத் தன் விருதைக் காணிக்கையாக்கினார். நெஞ்சைத் தொட்ட பேச்சு. அவருக்கு மைக் இருந்தது. அதே நாட்டிலிருந்து ஓடிவந்த வீராங்கனைகளுக்கு மைக்கும் இல்லை, மேடையும் இல்லை. பெண்களுக்குச் செவிலியர், மருத்துவச்சிப் படிப்பும் கூடாது என்று தாலிபான் தடுத்தபோது 2024 டிசம்பரில் ரஷீத் கானும் முகமது நபியும் வெளிப்படையாக எதிர்த்ததை நாம் மறக்கவில்லை. சொந்தபந்தம் அங்கே இருக்கும் வீரர்கள் காட்டிய துணிவில் கால்பங்கு, எந்த ஆபத்தும் இல்லாத அதிகாரிகளிடம் இல்லை.

ஐ.சி.சி. மட்டும் குற்றவாளி என்று மற்றவர்கள் கைகழுவிவிட முடியாது. ஆஸ்திரேலியா 2021இல் ஆப்கானோடு ஆடவிருந்த ஹோபார்ட் டெஸ்டைத் தள்ளிவைத்தது, அதற்குப் பிறகும் இருதரப்புத் தொடர்களை மறுத்தது. பாராட்டினோம். ஆனால் 2023 நவம்பரில் மும்பையில் உலகக் கோப்பை ஆட்டம் என்றதும் இறங்கி ஆடினார்கள், மேக்ஸ்வெல் இரட்டைச் சதமே அடித்தார். புள்ளி கிடைக்கிற இடத்தில் மனசாட்சிக்கு விடுமுறை போலும். இங்கிலாந்தில் 160க்கும் மேற்பட்ட அரசியல்வாதிகள் கையெழுத்திட்டு, சாம்பியன்ஸ் கோப்பையில் ஆப்கானோடு ஆடாதீர்கள் என்றார்கள். தனியாகப் புறக்கணிக்க மாட்டோம், எல்லோரும் சேர்ந்து முடிவெடுக்க வேண்டும் என்றது அந்நாட்டு வாரியம். சரி, எல்லோரையும் கூட்ட யார் தடுத்தார்கள்?

நம் வாரியத்தின் நிலை இன்னும் மோசம். ஆப்கான் அணிக்குச் சொந்த ஊரில் ஆட முடியாதபோது கிரேட்டர் நொய்டா, டேராடூன், லக்னோ என்று மைதானம் கொடுத்து வளர்த்தது பி.சி.சி.ஐ. அவர்களின் முதல் டெஸ்டுக்கு 2018இல் பெங்களூரில் மேடை போட்டதும் அதுவே. இவ்வளவு செல்வாக்கு உள்ளவர்கள் இந்தப் பெண்களின் அணிக்கு அங்கீகாரம் வேண்டும் என்று ஒரு வார்த்தை கேட்டதாகத் தெரியவில்லை. பி.சி.சி.ஐ.யின் செயலாளராக இருந்த ஜெய் ஷா 2024 டிசம்பர் 1 முதல் ஐ.சி.சி. தலைவர். மகளிர் கிரிக்கெட்டை வளர்ப்பதே தன் முதல் அக்கறை என்பவர், தன் மேசைமேல் கிடக்கும் இந்தக் கோப்பை முதலில் திறந்து காட்டட்டும்.

அரசியலை விளையாட்டில் கலக்காதே என்று உபதேசம் செய்பவர்களுக்கு, சென்னை வீடு ஒன்றின் கதையைச் சொல்லவேண்டும். 1974இல் விஜய் அமிர்தராஜும் ஆனந்த் அமிர்தராஜும் ஆடிய இந்திய டென்னிஸ் அணி அரையிறுதியில் சோவியத் அணியை வென்று டேவிஸ் கோப்பை இறுதிக்கு வந்தது. எதிரே நிறவெறி ஆட்சி நடத்திய தென்னாப்பிரிக்கா. ஆட மாட்டோம் என்றது இந்தியா. கோப்பை ஒரு பந்துகூட அடிக்காமல் தென்னாப்பிரிக்காவுக்குப் போனது. அந்தச் சகோதரர்களின் வாழ்நாளில் அப்படியொரு வாய்ப்பு அந்த வயதில், அந்த வேகத்தில் மறுபடி வரவில்லை. கிரிக்கெட்டும் அப்போது அதே வழியில்தான் நின்றது. 1970இல் ஆஸ்திரேலியாவை 4-0 என்று துவைத்த, கிரேம் பொல்லாக்கும் பேரி ரிச்சர்ட்ஸும் இருந்த தென்னாப்பிரிக்க அணி, அதன்பின் இருபதாண்டுக்கு மேல் சர்வதேச ஆட்டமே காணவில்லை. நிறத்தின் பேரால் ஒதுக்கியவனை ஒதுக்கத் தெரிந்த விளையாட்டு உலகத்துக்கு, பாலினத்தின் பேரால் ஒதுக்குகிறவனிடம் மட்டும் பல்லிளிக்கத் தோன்றுவது ஏன்? 1999இல் இதே தாலிபானின் முந்தைய ஆட்சியைக் கண்டு ஒலிம்பிக் குழு ஆப்கானிஸ்தானை இடைநீக்கம் செய்தது. 2000 சிட்னி ஒலிம்பிக்கில் அந்தக் கொடி இல்லை.

கால்பந்தைப் பாருங்கள். ஃபிஃபாவுக்கும் நான்கு ஆண்டு ஆனது, அதிலும் ஏகப்பட்ட இழுபறி. ஆனாலும் 2025 மே மாதம் ஆப்கான் அகதிப் பெண்கள் அணிக்கு ஒப்புதல் கொடுத்தது, அக்டோபரில் மொராக்கோவில் மற்ற நாட்டு அணிகளோடு ஆடவும் வைத்தது. லிபியாவை அவர்கள் வென்றார்கள். கால்பந்தில் முடிந்தது கிரிக்கெட்டில் ஏன் முடியாது என்பதற்கு ஐ.சி.சி.யிடம் பதில் இல்லை. அகதி அணி என்பது கிரிக்கெட்டுக்குப் புதிதும் இல்லை. அகதி முகாமில் பிறந்த ஆப்கான் கிரிக்கெட்டை 2001இல், காபூலில் தாலிபான் முதல்முறை ஆண்ட காலத்திலேயே, உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டது இதே ஐ.சி.சி.தான்.

கண்டித்தால் மாறுமா என்று கேட்பவர்களுக்கு ஒன்று. 2025 அக்டோபரில் டெல்லி வந்த தாலிபான் வெளியுறவு அமைச்சர் முத்தகியின் செய்தியாளர் சந்திப்புக்குப் பெண் நிருபர்கள் அழைக்கப்படவில்லை. நாடே கண்டித்தது. இரண்டே நாளில் இன்னொரு சந்திப்பு நடந்தது, பெண் நிருபர்கள் முன்வரிசையில் உட்கார்ந்து கேள்வி கேட்டார்கள். உரக்கக் கேட்டால் தாலிபான் அமைச்சரே இறங்கிவருகிறார். ஐ.சி.சி.யோ யாரும் கேட்காமலேயே அவர்களுக்காக வளைந்துகொண்டிருக்கிறது.

ஆண்கள் அணியை நாளையே விரட்டுங்கள் என்று நாம் சொல்லவில்லை. ஆஸ்திரேலியாவில் இருக்கும் பெண்களை ஆப்கானிஸ்தான் மகளிர் அணியாக, அந்தப் பெயரிலேயே, அங்கீகரியுங்கள். காபூல் வாரியத்தின் கையெழுத்து இதற்குத் தேவையில்லை என்று விதியைத் திருத்துங்கள். தரவரிசையில் இடமும் தகுதிச்சுற்றில் ஆட்டமும் கொடுங்கள். ஆப்கான் வாரியத்துக்குப் போகும் பங்கிலிருந்து மகளிர் அணிக்கான தொகையைப் பிடித்து நேரடியாக அவர்களிடம் சேர்ப்பியுங்கள், இதுவரை போன பணத்துக்குக் கணக்குக் கேளுங்கள். இதற்குக் காபூல் குறுக்கே நின்றால், இலங்கைக்கும் ஜிம்பாப்வேக்கும் எடுத்த அதே விதியை அதே வேகத்தில் எடுங்கள். அடுத்த ஆண்டுக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இது முதல் பொருளாக வரவேண்டும். வராவிட்டால் 2023இல் இலங்கைக்குச் செய்தது எந்தக் கொள்கையின் பேரில் என்று கொழும்பில் இருப்பவர்களுக்கு ஜெய் ஷா எழுத்து மூலம் விளக்கம் தரட்டும்.