தரிசு என்றொரு பொய்

"ஒரு வண்டுக்காகவா, சாமி, இவ்வளவு பேச்சு?"

பொன்வண்டைப் பற்றியும் அது வாழும் முட்புதர்க் காடுகளைப் பற்றியும் நான் வாய் திறந்த இடங்களிலெல்லாம் இந்தக் கேள்வி தவறாமல் எழுந்திருக்கிறது. வேறு ஊரில் எழுந்திருந்தால் பொறுத்துக்கொள்ளலாம். ஐயம்பேட்டையில் எழுவதுதான் வியப்பு. காஞ்சிபுரத்திலிருந்து வாலாஜாபாத் செல்லும் சாலையில் உள்ள இவ்வூரின் பிழைப்பே ஒரு பூச்சியின் எச்சிலில் தொங்குகிறது. ஒரு பட்டுச் சேலைக்கு ஆயிரக்கணக்கான கூடுகள் புழுவோடு கொதிநீரில் இடப்படுகின்றன என்பதைத் தறியில் அமர்ந்தவர் யாருக்கும் நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு பூச்சி உமிழ்ந்த இழையால் உலை வைக்கும் நாம், இன்னொரு பூச்சியின் பெயரைச் சொன்னால் சிரிக்கிறோம்.

ஐம்பது வயதைக் கடந்தவர்களுக்குப் பொன்வண்டு பழைய தோழன். தீப்பெட்டிக்குள் கொடுக்காப்புளித் தழையைப் போட்டு அதை வளர்க்காத சிறுவர் அன்று அரிது. முட்டையிட்டதா என்று நாளுக்குப் பத்து முறை பெட்டியைத் திறந்து பார்ப்போம். இன்றைய பிள்ளைகளைக் கேட்டால், பொன்வண்டு என்பது துணி துவைக்கும் சோப்பு என்கிறார்கள். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர்கள் கண்ணில் அது படவில்லை.

அதன் பச்சையும் பொன்னும் சாயத்தால் மட்டும் வந்தவையல்ல. சிறகின் மேற்புறத்தில் மிக மெல்லிய அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்து, ஒளியைப் பிரித்துத் திருப்பி அனுப்புவதால் அந்த மினுக்கம் பிறக்கிறது. நெசவாளருக்கு இது எளிதில் விளங்கும். பாவில் ஒரு நிறமும் ஊடையில் ஒரு நிறமும் கொடுத்து மயில்கழுத்து நிறத்தை வரவழைப்பவர்கள் அல்லவா! வெறும் சாயம் வெளுக்கும். அமைப்பால் வந்த நிறம் எளிதில் வெளுப்பதில்லை. ஜப்பானில் நாரா நகருக்கு அருகிலுள்ள ஹோரியூஜி மடத்தில், இவ்வினத்துக்கு உறவான வண்டின் சிறகுகளைப் பதித்த 7-ஆம் நூற்றாண்டுச் சிறு கோவில் ஒன்று இன்றும் இருக்கிறது. நம் நாட்டிலும் 19-ஆம் நூற்றாண்டில் சென்னையிலிருந்தும் ஐதராபாத்திலிருந்தும் வண்டுச் சிறகு தைத்த மஸ்லின் துணிகள் ஐரோப்பாவுக்குக் கப்பலேறின. 1903-இல் தில்லி தர்பாரின்போது கர்சன் சீமாட்டி அணிந்த புகழ்பெற்ற மயிலுடையில், ஒவ்வொரு தோகைக் கண்ணிலும் பதிந்திருந்தது வண்டின் சிறகே. சீமாட்டிக்கு அழகு தந்தபோது அது பூச்சியாக யாருக்கும் தோன்றவில்லை போலும்.

அது எங்கே வாழ்கிறது என்பதில்தான் அதன் துயரம் இருக்கிறது. வளர்ந்த வண்டு மழைக்காலத்தில் வெளிவந்து, வேல மரங்களிலும் கொடுக்காப்புளியிலும் தழை தின்று, சில வாரங்களே உயிர்வாழ்கிறது. முட்டைகள் மரத்தடி மண்ணில் இடப்படுகின்றன. அவற்றிலிருந்து வரும் புழு மண்ணுக்குள்ளேயே வேர்களைத் தின்று நெடுங்காலம் வளர்கிறது. ஆகவே அதற்கு வேண்டியவை இரண்டு: மேலே முள்மரம், கீழே கிளறப்படாத மண். "இங்கே வெட்டினால் வேறிடம் பறந்து போகட்டுமே" என்கிறார் ஒருவர். வண்டு பறக்கும், மண்ணுக்குள் இருக்கும் புழு எங்கே பறக்கும்? ஜே.சி.பி. இயந்திரம் ஒரு முற்பகலில் புரட்டிப் போடும் ஒரு ஏக்கர் மண்ணில், அடுத்த தலைமுறையே வெயிலுக்கு வந்துவிடுகிறது.

இப்படிப்பட்ட நிலத்துக்கு நாம் வைத்த பெயர் தரிசு. அரசும் அதையே வழிமொழிகிறது. 2000-இல் முதன்முதலாக வெளியான இந்தியத் தரிசுநில வரைபடத் தொகுப்பு, புதர் மண்டிய நிலத்தையும் தரிசு வகைகளுள் ஒன்றாகவே கணக்கிட்டது. ஒரு சொல் எவ்வளவு எளிதாகக் கொலை செய்கிறது பாருங்கள்! 'காடு' என்று எழுதியிருந்தால் வெட்டுவதற்கு ஒப்புதல் வேண்டும். 'தரிசு' என்று எழுதிவிட்டால், வெட்டுவது வளர்ச்சி ஆகிவிடுகிறது. 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணைகளில் வண்டினங்கள் சிலவும் இடம்பெற்றன. 2008-இல் சிங்கலீலா தேசியப் பூங்காவில் அனுமதியின்றிப் பூச்சி சேகரித்ததாகச் செக் நாட்டவர் இருவர் டார்ஜிலிங்கில் கைது செய்யப்பட்டதும் அச்சட்டத்தின்படியே. நல்லது. ஆனால் குப்பியோடு வருபவனைப் பிடிக்கத் தெரிந்த நமக்கு, ஊர்ப்புற முட்காட்டுக்கு இயந்திரத்தோடு வருபவனை வாழ்த்தி வரவேற்கத்தான் தெரிகிறது.

இந்த மனநோய் நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் லிங்கன் நகரை ஒட்டி உப்புச் சதுப்பு நிலங்கள் உள்ளன. உலகில் வேறெங்கும் இல்லாத ஒரு புலிவண்டு அங்கே மட்டும் வாழ்கிறது. அதன் புழு உப்பு ஊறிய ஈரச்சேற்றில் குழி தோண்டி, வழியே வரும் சிற்றுயிர்களைப் பிடித்துத் தின்று வளரும். வேறு மண் அதற்கு ஆகாது. உப்புச்சேறு யாருக்குப் பயன் என்று நகரம் அந்நிலத்தின் பெரும்பகுதியை வடித்தது, நிரப்பியது, மேலே சாலையும் வீடும் கட்டியது. 2005-இல் அரசு அவ்வண்டை அழிவுக்குள்ளான இனமாக அறிவித்தபோது, எஞ்சியிருந்தவை சில நூறுதான். இன்று விலங்குக் காட்சிச்சாலைகளில் அதன் புழுக்களை வளர்த்து, எஞ்சிய சேற்றில் கொண்டுபோய் விடுகிறார்கள். இலவசமாய்க் கிடைத்திருந்ததை அழித்துவிட்டு, பணம் செலவிட்டுத் தேடுவது!

இனி நம் மறைநூலுக்கு வருவோம். கடவுள் மனிதரை நிலத்தில் வைத்தது அதை உழவும் காக்கவும் என்று தொடக்கநூல் இரண்டாம் அதிகாரம் சொல்கிறது. காத்தலுக்கு எபிரேயத்தில் வரும் வினைச்சொல் 'ஷாமார்'. இரண்டே அதிகாரம் தள்ளி, தம்பியைக் கொன்ற காயின், நானா அவனுக்குக் காவல் என்று கடவுளிடம் முறைத்துக்கொள்ளும் இடத்திலும் அதே சொல்தான் வருகிறது. "ஒரு வண்டுக்காகவா" என்னும் கேள்வியில் எனக்கு அந்தக் குரல் கேட்கிறது. மிகை என்பீர்கள். இருக்கட்டும்.

தரிசைப் பற்றியே விவிலியம் பேசுகிறது என்பது நம்மில் பலர் கவனிக்காதது. ஏழாம் ஆண்டு நிலத்தை உழாமல் விட வேண்டும் என்று கட்டளையிடும் விடுதலைப் பயண நூல் (23:11), அதில் தானாய் விளைவது ஏழைகளுக்கு, அவர்கள் விட்டது காட்டு விலங்குகளுக்கு என்று பங்கு பிரிக்கிறது. இசுரயேலர் அந்த ஓய்வை நிலத்துக்கு மறுத்தார்கள். அவர்கள் நாடுகடத்தப்பட்ட காலத்தில் நிலம் தன் ஓய்வைத் தானே எடுத்துக்கொண்டது என்கிறது குறிப்பேடு இரண்டாம் நூலின் கடைசி அதிகாரம். யோபு நூலில் கடவுள் தாமே பேசும்போது, மனிதர் எவரும் இல்லாத பாலையில் மழை பெய்விப்பதைத் தம் செயல்களுள் ஒன்றாகச் சொல்கிறார். அந்த மழையால் யாருக்கு வருமானம்? கடவுளின் கணக்கேட்டில் தரிசு என்னும் பத்தியே இல்லை.

புனித தாமஸ் அக்குவினாஸ் தம் இறையியல் தொகுப்பின் முதற்பாகத்தில், 47-ஆம் வினாவில், படைப்புகள் ஏன் இத்தனை வகை என்று கேட்கிறார். இறைவனின் நன்மையை ஒரே உயிரால் முழுதாகக் காட்ட இயலாது. ஒன்றில் குறைவதை மற்றொன்று நிறைவு செய்கிறது என்பது அவர் விடையின் சாரம். பெயரிடப்பட்ட வண்டினங்கள் மட்டும் ஏறத்தாழ 4 லட்சம். அக்குவினாஸின் கருத்தை ஏற்றால், நாம் அழிக்கும் ஒவ்வோர் இனமும் கடவுளைப் பற்றிய ஒரு செய்தி. 2015-இல் திருத்தந்தை பிரான்சிஸ் எழுதிய 'லவுதாத்தோ சீ' திருமடலும், நம்மால் அழிந்த உயிரினங்கள் தம் இருப்பால் கடவுளை மாட்சிப்படுத்த இனி இயலாது என்று வருந்துகிறது. பூச்சிகளையும் புழுக்களையும் பெயர் சொல்லியே அது குறிப்பிடுகிறது. திருமடலின் படத்தை ஆலய வாயிலில் மாட்டிய நாம் அந்தப் பகுதியைப் படித்தோமா?

எதிர்வாதங்களுள் ஒன்றை மட்டும் நான் மதிக்கிறேன். "வீட்டுமனை இல்லாத ஏழை இருக்க, வண்டுக்கு நிலமா?" கேட்பவர் ஏழையாக இருந்தால் நான் தலைகுனிந்து கேட்பேன். ஆனால் பெரும்பாலும் கேட்பவர் மனை வணிகராக இருக்கிறார். காஞ்சிபுரமும் அடங்கியிருந்த அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் தாழ்த்தப்பட்ட மக்களின் நிலமின்மையை ஆட்சியர் டிரெமென்ஹீர் 1891-இல் எழுதியதன் விளைவாக, 1892-இல் அவர்களுக்கென நிலம் ஒதுக்க அரசு ஆணையிட்டது. அந்தப் பஞ்சமி நிலங்களில் எவ்வளவோ பிறர் கைக்குப் போயின; அவற்றை மீட்கக் கேட்டவர்கள்மீது 1994-இல் துப்பாக்கிச்சூடு நடந்து உயிர்கள் போயின. அந்நிலங்களைப் பறித்தது பொன்வண்டா? ஆடு மேய்க்கவும் விறகு பொறுக்கவும் ஏழைக்கு எஞ்சியிருப்பதும் இந்தப் புறம்போக்குப் புதர்தான். அது வேலியிடப்படும்போது வண்டும் ஆட்டுக்காரரும் ஒரே நாளில் வெளியேற்றப்படுகிறார்கள்.

நம் மரநடு விழாக்களையும் சொல்லாமல் விட இயலாது. ஒரு பங்கில் ஆலயத்தை ஒட்டிய புதர்நிலத்தை இயந்திரத்தால் வழித்தெடுத்து, அதே இடத்தில் குல்மோகர் கன்றுகளை நட்டு, 'படைப்பைக் காப்போம்' என்று பதாகை கட்டியதைப் பார்த்தேன். குல்மோகர் வெளிநாட்டு மரம் என்பதற்காக நான் எதிர்க்கவில்லை. கொடுக்காப்புளியும் மெக்சிகோப் பகுதியிலிருந்து வந்ததுதான். இருந்த காட்டை வெட்டிவிட்டுக் காடு வளர்ப்பதாகப் படம் எடுத்துக்கொள்வதுதான் நெஞ்சை அறுக்கிறது. சீமைக்கருவேலை ஒழிக்கும் ஆர்வத்திலும் இதே விபத்து நேர்கிறது. அதை அகற்றுங்கள், தடையில்லை. ஆனால் கருவேல், வெள்வேல், சீமைக்கருவேல் மூன்றையும் இனம் பிரித்தறிந்த ஒருவரை இயந்திரத்துக்கு முன்னால் நடக்க விடுங்கள். ஊரில் ஆடு மேய்க்கும் முதியவருக்கு அது தெரியும். அதற்குரிய கூலியை அவருக்குக் கொடுங்கள்.

பங்குப் பேரவைகளுக்கு என் வேண்டுகோள் பெரிதன்று. நம் கைவசம் உள்ள நிலங்களுள் மண் கிளறப்படாமல் கிடப்பது பெரும்பாலும் கல்லறைத் தோட்டமே. ஆண்டுதோறும் நவம்பர் 2, இறந்த விசுவாசிகள் நினைவு நாளுக்கு முந்தைய வாரம் அங்கே களைக்கொல்லி அடித்து, ஓரம்வரை வழித்துச் சுத்தம் செய்கிறோம். மழை பெய்து, முட்டைகள் மண்ணுக்குள் போயிருக்கும் பருவம் அது. கல்லறைகளைச் சுற்றிக் கையால் களை எடுங்கள். அன்பியத்துக்கு ஒரு வரிசை என்று பிரித்துக்கொண்டால் ஒரு சனிக்கிழமை போதும். மதிலோரத்து வேல மரங்களையும் அவற்றின் அடிமண்ணையும் தொடாதீர்கள். அங்கே நம்மவர் யாரும் புதைக்கப்படவில்லை.