பத்து மணி நேரம்தான் என்று நம்பியிருந்தேன்

லண்டன் ஹீத்ரோவிலிருந்து சென்னைக்கு வான்வழியில் சுமார் 8,200 கிலோமீட்டர். நேரடி விமானத்தில் ஏறினால் ஏறக்குறைய பத்து மணி நேரம். திரும்பும்போது எதிர்க்காற்று என்பதால் கொஞ்சம் கூடும். எந்த இணையதளத்தில் தேடினாலும் இந்தக் கணக்குதான் வரும். ஐடி வேலைக்காகக் கிளம்பும்போது இதை நம்பித்தான் அப்பாவிடம் சொன்னேன்: "ஒண்ணுன்னா மறுநாளே வந்துருவேம்ப்பா."

போன வருஷம் அந்த 'ஒண்ணு' வந்தது. எங்கள் ஊர் தென்காசிப் பக்கம். வியாழன் இரவு தம்பி போன் செய்தான். மறுநாள் நேரடி விமானத்தில் இடமில்லை. வளைகுடா வழியாக டிக்கெட் கிடைத்தது. நடுவில் ஆறு மணி நேரக் காத்திருப்பு. சென்னையில் குடிவரவு வரிசை, பெட்டி, சுங்கம். அங்கிருந்து காரில் 600 கிலோமீட்டருக்கு மேல். லண்டனில் வீட்டுக் கதவைப் பூட்டியதிலிருந்து மொத்தம் 35 மணி நேரம். நான் போய்ச் சேர்ந்தபோது அப்பா ஐஸ் பெட்டியில் இருந்தார். எனக்காகத்தான் எடுக்காமல் வைத்திருந்தார்கள்.

யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. இணையதளம் காட்டுவது விமான நிலையத்திலிருந்து விமான நிலையத்துக்கான நேரம். நாம் போட வேண்டியது வாசலிலிருந்து வாசலுக்கான கணக்கு. அந்த வான்வழியும் எப்போதும் ஒரே மாதிரி இருக்காது. 2025 ஜூனில் இஸ்ரேல்–ஈரான் சண்டையின்போது ஈரான், ஈராக் வான்வெளி மூடப்பட்டது. பல விமானங்கள் சுற்றிப் போயின, சில ரத்தாயின.

அதனால், ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து உங்கள் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 'சென்னை' என்று மட்டுமே தேடிப் பழகிவிட்டோம். லண்டனிலிருந்து கொழும்புக்கு நேரடி விமானம் உண்டு. கொழும்பிலிருந்து மதுரைக்கும் திருச்சிக்கும் விமானம் உண்டு. எனக்கே இது பிறகுதான் உறைத்தது. தென்மாவட்டக்காரர்களுக்கு அந்த ராத்திரி கார் பயணம் பாதியாவது மிச்சமாகும்.

பாஸ்போர்ட் எப்போது காலாவதியாகிறது என்று பாருங்கள். பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வைத்திருக்கும் பிள்ளைகளுக்கு ஓசிஐ அட்டை எடுத்து வையுங்கள். தாத்தா சாகக் கிடக்கிறார் என்பதற்காக விசா அன்றைக்கே கையில் வந்துவிடாது. அவசர விடுப்பு எத்தனை நாள் என்று ஆபீஸில் இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் செய்தாலும் நேரத்துக்குப் போய்ச் சேர்வோம் என்று உறுதியில்லை. அவர்கள் நன்றாக இருக்கும்போதே போய்ப் பத்து நாள் கூட இருந்துவிட்டு வருவதுதான் நம் கையில் இருக்கிறது. வேலை முடியட்டும், டிக்கெட் விலை குறையட்டும் என்று நான் இரண்டு வருஷம் தள்ளிப்போட்டேன்.

இப்போது ஊரில் அம்மா மட்டும் இருக்காங்க. 'ஒண்ணுன்னா மறுநாளே வந்துருவேன்' என்று அவங்ககிட்ட நான் சொல்வதில்லை. பொங்கலுக்கு டிக்கெட் போட்டாச்சு என்று சொல்லியிருக்கிறேன்.