கல்லைக் காத்தீர், தமிழ் எங்கே?

சிங்கப்பூரில் புக்கித் தீமாவிலுள்ள பழைய இராபிள்ஸ் கல்லூரிக் கட்டடங்கள் 2009ஆம் ஆண்டில் தேசியச் சின்னமாக்கப் பெற்றன. நன்று. கல்லைக் காக்க வேண்டாவென்று நாம் கூற வரவில்லை. ஆனால் அங்கே 1949இல் தோன்றிய மலாயாப் பல்கலைக்கழகம் 1956இல் இந்திய இயல் துறையை நிறுவிய காலத்தில், முதலிடம் தமிழுக்கா வடமொழிக்கா என்றொரு வழக்கு எழுந்ததை இன்று எத்தனை பேர் அறிவர்? தமிழர் பொருளும் உழைப்பும் வேண்டும், தமிழ் மட்டும் வேண்டாவாம்! தமிழே என்று முரசறைந்தவர் கோ. சாரங்கபாணி. அவர் திரட்டிய 'தமிழ் எங்கள் உயிர்' நிதிக்கு ஆளுக்கொரு வெள்ளியாக ஈந்தோர் செல்வச் சீமான்களல்லர். தோட்டத்திலும் நகரத்திலும் உழைத்துண்ட நம்மவரே.

பின்னர் அத்துறை கோலாலம்பூருக்குப் பெயர்ந்தது. சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகமும் கெண்ட் ரிட்ஜில் குடிபுகுந்தது. சீனரோ, திரிஷா மிதித்தோரும் பொருளீந்து எழுப்பிய நன்யாங் பல்கலைக்கழகம் 1980இல் மறைந்த பின்னும், அதன் நிர்வாகக் கட்டடத்தை 1995இல் சீன மரபுடைமை நிலையமாக்கிக் கொண்டனர். நாம் சிராங்கூன் சாலைத் தீபாவளி விளக்குகளை அண்ணாந்து பார்த்து மகிழ்கின்றோம்!

புக்கித் தீமா வளாகத்தைப் புதுக்க இனித் திட்டம் வகுப்போரை நாம் கேட்கின்றோம்: கூரை ஓட்டின் நிறத்தை ஆராயுமுன், ஒரு தமிழ்ப் பேராசிரியர்க்கு அங்கே நாற்காலி உண்டா என்பதைச் சொல்லுங்கள்.