வண்டிக்கு இடம் உண்டு. நிழலுக்கு இடம் எங்கே?

பெங்களூரில் புதிதாக ஒரு வணிக வளாகம் கட்டுவதற்கு வரைபடம் கொடுத்தால், "எத்தனை கார் நிறுத்த இடம் விட்டிருக்கிறீர்கள்?" என்று கேட்கிறார்கள். விதிப்படி இடம் விட்டாக வேண்டும். இது நியாயமான கேள்விதான். வளாகத்துக்கு வரும் வண்டிகள் தெருவில் நின்றால், நடந்து போகிறவர்களுக்கு வழி இல்லாமல் போய்விடும். ஆனால் அந்த இடத்தில் நிழல் உண்டா, மழைத் தண்ணீர் இறங்க மண் உண்டா என்ற கேள்விகளுக்கு அதே அழுத்தம் கிடைப்பதில்லை. விளைவு என்ன? கடைக்கு முன்னால் ஒரு தார்ப் பாலைவனம். அதன் ஓரத்தில் தொட்டிக்குள் நாலு செடி. தோட்டம் போட்டாகிவிட்டது என்று கணக்கு முடிந்துவிடுகிறது.

வண்டி நிறுத்தும் இடத்தில் வண்டி மட்டும்தான் நிற்கிறது என்று நினைப்பது தவறு. சீட்டுக் கிழித்துக் கொடுக்கும் ஊழியர், வாசல் காவலாளி, முதலாளி திரும்பி வரும்வரை காத்திருக்கும் டிரைவர், மூட்டை இறக்கும் தொழிலாளி, பார்சலுக்காக ஸ்கூட்டரில் சாய்ந்தபடி நிற்கும் இளைஞர் ஆகியோரும் அங்கேதான் நிற்கிறார்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரி, வேலூர், திருவண்ணாமலைப் பக்கங்களிலிருந்து பிழைப்புத் தேடி வந்த நம்மவர்கள் இவர்களில் எத்தனை பேர் என்பதை நமது வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. குளிர்சாதனக் கடைக்குள் அரை மணி நேரம் இருந்துவிட்டுப் போகிறவருக்கு வெயிலின் அருமை தெரியாது. காலை பத்து மணி முதல் இரவு பத்து மணி வரை அந்தத் தரையில் நிற்பவருக்குத்தான் தெரியும்.

"பெங்களூரில் வெயில் ஏது?" என்று ஊரில் இருப்பவர்கள் இன்னமும் கேட்கிறார்கள். அந்தக் காலம் மலையேறிவிட்டது. 2016-ம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் இந்த நகரில் 39.2 டிகிரி வெப்பம் பதிவாயிற்று. 2024-ம் ஆண்டு ஏப்ரல் 28-ந்தேதி 38.5 டிகிரி பதிவாயிற்று. இவை காற்றின் வெப்பநிலை மட்டுமே. வெயிலில் காய்ந்த தார்த்தரையின் சூடு இதைவிட மிகவும் கடுமையானது. பகலில் குடித்த சூட்டை அந்தத் தரை மாலை வரை கக்கிக்கொண்டே இருக்கும்.

மரம் இதை எவ்வளவு மாற்றும் என்பதற்கு வெளிநாட்டு உதாரணம் தேட வேண்டியதில்லை. இதே பெங்களூரில் பேராசிரியை ஹரிணி நாகேந்திராவும் அவரது சக ஆய்வாளர்களும் சாலைகளில் அளந்து பார்த்து, 2013-ம் ஆண்டில் முடிவை வெளியிட்டார்கள். மரம் உள்ள பகுதியில் பிற்பகல் நேரத்தில் காற்றின் வெப்பம் 5.6 டிகிரி வரை குறைந்திருந்தது. தார்த்தரையின் வெப்பமோ 27.5 டிகிரி வரை குறைந்திருந்தது. ஒரே ஊர், ஒரே வெயில். வித்தியாசம் மரம் ஒன்றுதான். சாலைக்குப் பொருந்தும் இந்த உண்மை, அதே தாரைப் போட்ட வண்டி நிறுத்துமிடத்துக்கும் பொருந்தும்.

நிழல் ஒரு பக்கம் இருக்கட்டும். தண்ணீர் விஷயத்தையும் பார்ப்போம். 2022-ம் ஆண்டு செப்டம்பரில் வெளிவட்டச் சாலைப் பகுதி வெள்ளத்தில் மிதந்தது. டிராக்டரில் ஏறி வேலைக்குப் போனவர்களின் படங்களை நாடே பார்த்தது. இரண்டே ஆண்டுகளில், 2024-ம் ஆண்டு கோடையில், ஆழ்துளைக் கிணறுகள் வற்றி, இதே நகரம் தண்ணீர் லாரிக்குக் காத்துக் கிடந்தது. மழை பெய்தால் வெள்ளம், நின்றால் பஞ்சம் என்ற நிலைக்கு ஏரிகள் மறைந்ததும் கால்வாய்கள் குறுகியதும் பெரிய காரணங்கள். மண்ணையெல்லாம் சிமெண்டு போட்டு மூடியதும் அவற்றோடு சேர்ந்த காரணம். விழுந்த மழை விழுந்த இடத்திலேயே இறங்க வழி இருந்தால், அதில் ஒரு பங்காவது நிலத்துக்குள் போகும்.

விதியே இல்லையா என்றால், இருக்கிறது. மத்திய அரசு 2016-ம் ஆண்டில் வெளியிட்ட மாதிரிக் கட்டிட விதிகள், பெரிய கட்டிடங்களுக்கு 80 சதுர மீட்டர் நிலத்துக்கு ஒரு மரம் வீதம் வளர்த்துப் பராமரிக்க வேண்டும் என்கின்றன. ஒரு மரத்தை வெட்டினால் மூன்று நட வேண்டும். திறந்தவெளியில் குறைந்தது 20 சதவீதம் தண்ணீர் இறங்கும் தரையாக இருக்க வேண்டும். புல் வளரும் இடைவெளி உள்ள கற்களைப் பதிக்கலாம் என்றும் வழி சொல்லப்பட்டிருக்கிறது. கர்நாடகத்திலோ 1976-ம் ஆண்டிலேயே மரப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது. அதிகாரியின் அனுமதி இல்லாமல் மரத்தை வெட்ட முடியாது.

மாதிரி விதியை வைத்துக்கொண்டு ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். திறந்தவெளியில் ஒரு கார் நிற்கவும் திரும்பவும் 23 சதுர மீட்டர் வேண்டும் என்று அதே விதிகள் சொல்கின்றன. 100 கார் நிற்க 2,300 சதுர மீட்டர். 80 சதுர மீட்டருக்கு ஒரு மரம் என்றால், 29 மரங்கள் வரும். நன்றாக வளர்ந்த ஒரு புங்க மரமோ வேப்ப மரமோ 10 மீட்டர் அகலத்துக்குக் கிளை பரப்பினால், அதன் நிழல் ஏறத்தாழ 78 சதுர மீட்டர். அதாவது, விதியில் உள்ள மரங்களை வண்டி நிற்கும் இடத்துக்குள்ளேயே பரவலாக வளர்த்தால், அநேகமாக முழு இடமும் நிழலாகிவிடும். மூன்று நான்கு கார்களுக்கு ஒரு மரம். இது எட்டாக்கனி அல்ல.

அப்படியானால் தவறு எங்கே இருக்கிறது? விதி மரத்தை எண்ணுகிறது, நிழலை அளக்கவில்லை. எனவே மதிலோரமாக வரிசையாக நெட்டிலிங்கத்தை நட்டுவிடலாம். அலங்காரப் பனையை வைத்துவிடலாம். எண்ணிக்கை சரியாக இருக்கும். ஆனால் கம்பம் போல் நெட்டையாக நிற்கும் மரத்தின் நிழல் அடுத்த வீட்டுக் கூரைமேல் விழும். சில இடங்களில் நல்ல மரத்தையே நட்டு, அதன் கழுத்து வரை சிமெண்டு பூசிவிடுகிறார்கள். மூச்சு முட்டி நிற்கும் அந்த மரம் எப்படித் தழைக்கும்? டெல்லியில் மரங்களின் அடியில் ஒரு மீட்டர் சுற்றளவுக்குள் உள்ள சிமெண்டை அகற்றுமாறு தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2013-ம் ஆண்டிலேயே உத்தரவிட்டது. அந்த உத்தரவின் நியாயம் எல்லா ஊர் மரங்களுக்கும் பொருந்தும்.

இந்தச் சங்கடம் நமக்கு மட்டும் வந்ததல்ல. அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தின் தலைநகரான சாக்ரமெண்டோ நகரம் 1983-ம் ஆண்டில் ஒரு விதி செய்தது. புதிதாக அமையும் வண்டி நிறுத்துமிடம் ஒவ்வொன்றிலும், 15 ஆண்டுகளுக்குள் பாதித் தரையாவது மர நிழலில் இருக்க வேண்டும் என்பது அந்த விதி. மரத்தை எண்ணாமல் நிழலை அளந்த நல்ல விதி. ஆனால் 2001-ம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில், உண்மையான நிழல் கால்வாசியைக்கூட எட்டவில்லை என்று தெரிந்தது. வரைபடத்தில் பெரிதாகக் காட்டிய மரம் தரையில் அவ்வளவு பெரிதாக வளரவில்லை. நல்ல விதி எழுதினால் மட்டும் போதாது. ஆண்டுதோறும் போய்ப் பார்க்க ஆள் வேண்டும் என்பதே இதில் உள்ள பாடம்.

கட்டிட உரிமையாளர்கள் சொல்லும் ஆட்சேபணைகளையும் ஒதுக்கிவிட முடியாது. "இடத்தின் விலை என்ன தெரியுமா? மரத்துக்கு விட்டால் காருக்கு எங்கே போவது?" என்கிறார்கள். நான்கு கார்களின் மூக்குகள் சந்திக்கும் மூலையில் மரம் வைத்தால் ஒரு காரின் இடமும் போகாது. போனாலும் மிகக் குறைவாகவே போகும். "கோடை மழையில் கிளை முறிந்து வண்டிமேல் விழுந்தால் யார் பொறுப்பு?" என்கிறார்கள். இந்த ஊரில் அப்படி விழுவது உண்மை. உயிர்ச் சேதமும் நேர்ந்திருக்கிறது. ஆனால் வேருக்கு மண் விடாமல், பட்ட கிளையைக் கழிக்காமல், மரத்தைக் குற்றம் சொல்வது முறையல்ல. எளிதில் முறியும் மரங்களைத் தவிர்த்து, புங்கம், மகிழம், வேம்பு போன்றவற்றை நடலாம். நாம் புங்கம் என்பதைத்தான் கன்னடத்தில் ஹொங்கே என்கிறார்கள். இந்த மண்ணுக்கு அது அந்நியமல்ல.

மரம் வளர்ப்பதும் இந்த நகருக்குப் புதிய பாடமல்ல. குண்டுராவ் முதல்-மந்திரியாக இருந்த 1980-களின் தொடக்கத்தில், வனத்துறை அதிகாரி நெகினஹாள் தலைமையில் ஆரம்பித்த இயக்கத்தில், சில ஆண்டுகளுக்குள் சுமார் 15 லட்சம் மரக்கன்றுகள் நடப்பட்டன. இன்று பழைய குடியிருப்புகளில் நாம் நடந்து போகும் நிழலில் ஒரு பங்கு அவர் வைத்தது. அரசு மனம் வைத்தால் நடக்கும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

இப்போது அதற்கு ஏற்ற நேரமும் வந்திருக்கிறது. பழைய பெருநகர மாநகராட்சி போய், 2025-ம் ஆண்டு செப்டம்பர் முதல் பெங்களூரில் ஐந்து மாநகராட்சிகள் ஏற்பட்டுள்ளன. அவற்றுக்கு மேலே பெருநகர பெங்களூர் ஆணையமும் இருக்கிறது. புதிய நிர்வாகம் சில காரியங்களைத் தாமதமின்றிச் செய்ய வேண்டும்.

முதலாவதாக, வணிக வளாகங்களின் திறந்தவெளி வண்டி நிறுத்துமிடத்தில், பத்து ஆண்டுகளுக்குள் பாதித் தரைக்காவது நிழல் வர வேண்டும் என்று விதி செய்ய வேண்டும். மதிலோர அலங்காரச் செடிகளை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. இரண்டாவதாக, ஒவ்வொரு மரத்தைச் சுற்றியும் ஒரு மீட்டராவது வெறும் மண் இருக்க வேண்டும். மூன்றாவதாக, தரையடித் தளம் தோண்டும்போது நிலம் முழுவதையும் தோண்டிவிடாமல், வேர் இறங்க ஓரளவு இயற்கை மண்ணை விட்டுவைக்க வேண்டும். நான்காவதாக, கட்டிடத்துக்கு அனுமதி கொடுத்ததோடு நிறுத்தாமல், ஆண்டுக்கு ஒருமுறை போய்ப் பார்த்து, பட்டுப்போன மரத்துக்குப் பதில் மரம் வைக்கச் செய்ய வேண்டும். செய்யாதவருக்கு அபராதம் விதிக்க வேண்டும். ஐந்தாவதாக, கன்று மரமாகும் வரை, அங்கே நாள் முழுவதும் நிற்கும் ஊழியர்களுக்குக் கூரையும் நாற்காலியும் குடிதண்ணீரும் கொடுப்பதைக் கட்டாயமாக்க வேண்டும். மரம் வளரப் பத்து ஆண்டு ஆகலாம். மனிதன் அதுவரை வெயிலில் காய முடியாது.

நமது வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. இத்தகைய விதிகளின் நகலை வெளியிட்டு, பொதுமக்களின் கருத்தைக் கேட்பது வழக்கம். கட்டிட அதிபர்களின் சங்கம் அப்போது தவறாமல் மனுக் கொடுக்கும். வெயிலில் நிற்பவரின் மனுதான் வராது. அலுவலகத்தில் பேனா பிடிக்கும் நம்மவர்கள், சீட்டுக் கொடுக்கும் நம்மவருக்காகக் கன்னடத்தில் ஒரு பக்கம் எழுதிக் கொடுக்கலாம். பேட்டைச் சங்கங்களும் தொழிற்சங்கங்களும் கையெழுத்துச் சேர்க்கலாம். இது தமிழர் கோரிக்கை, கன்னடர் கோரிக்கை என்று பிரித்துப் பார்க்கும் விஷயம் அல்ல. வெயில் பாஷை பார்த்துக் காய்வதில்லை.

காருக்கு 23 சதுர மீட்டர் வேண்டும் என்று கணக்கிட்டுக் கொடுக்கத் தெரிந்த நகரத்துக்கு, அந்தக் காரைக் காவல் காப்பவன் தலைக்கு மேல் ஒரு கிளை வேண்டும் என்பதும் தெரிய வேண்டும். அதை விதியாக்கி, விதியை நிழலாக்குவது புதிய மாநகராட்சிகளின் கடமை.