மார்கழிக் குளிரும் மரவாழையும்

உதகைக்கோ மூணாறுக்கோ சுற்றுலா சென்று திரும்பும் நம்மில் பலர், பூத்து நிற்கும் சிம்பிடியம் ஆர்க்கிட் தொட்டி ஒன்றைக் கையோடு கொண்டுவருவதுண்டு. திருவனந்தபுரத்து வீட்டு முற்றத்தில் அது முதல் ஆண்டு வாங்கிவந்த பூக்களோடு நிற்கிறது. அடுத்த ஆண்டு இலைகள் மட்டுமே வருகின்றன. பின்னர் அதுவும் குன்றிப்போகிறது. உரம் போதவில்லை என்கிறோம். கைராசி இல்லை என்கிறோம். உண்மைக் காரணம் எளியது: இங்கே இரவுகள் அச்செடிக்குப் போதிய அளவு குளிர்வதில்லை.

கடையில் விற்கப்படும் பெரும்பூ சிம்பிடியக் கலப்பினங்கள் மொட்டு விடுவதற்கு, வாரக்கணக்கில் சுமார் 10 முதல் 15 டிகிரி செல்சியஸ் வரையிலான இரவுக் குளிர் தேவை. திருவனந்தபுரத்திலோ மார்கழி, தை மாத இரவுகளிலும் வெப்பநிலை பெரும்பாலும் 22 டிகிரியை ஒட்டியே நிற்கிறது. ஒவ்வொரு 100 மீட்டர் உயரத்துக்கும் ஏறக்குறைய 0.6 டிகிரி வெப்பம் குறைகிறது என்பது பொதுக் கணக்கு. ஆகவே, 1,500 மீட்டர் உயரத்தில் இயல்பாகக் கிடைக்கும் குளிரைக் கடற்கரை நகரத்து மாடித் தோட்டத்தில் எந்த உரத்தாலும் ஈடுசெய்ய இயலாது.

இதனால் ஆர்க்கிட் ஆசையையே நாம் கைவிட வேண்டியதில்லை. அதே சிம்பிடியம் இனத்தைச் சேர்ந்த அலோய்ஃபோலியம் என்ற வகை, கேரளத்துச் சமவெளி மரங்களிலேயே தடித்த இலைகளோடு வளர்ந்து, கோடையில் பூங்கொத்துகளைத் தொங்கவிடுகிறது. மரங்களில் ஒட்டி வாழும் இத்தகைய ஆர்க்கிட்டுகளை மலையாளத்தில் மரவாழை என்பர். அவை புல்லுருவிகள் அல்ல. மரத்தைப் பற்றிக்கொள்கின்றனவேயன்றி அதன் சாற்றை உறிஞ்சுவதில்லை. அஸ்ஸாமின் மாநில மலராகிய நரிவால் ஆர்க்கிட்டும் கேரளத்தில் இயல்பாக வளர்வதே. வெப்பநாட்டு டென்ட்ரோபியம் கலப்பினங்களும் வாண்டாக்களும் 20 டிகிரிக்கு மேற்பட்ட இரவுகளையே விரும்புகின்றன. மலைவாசிகள் பனிக்கு அஞ்சி உள்ளே எடுத்து வைக்கும் இச்செடிகளை, நாம் ஆண்டு முழுவதும் வெளியிலேயே வைத்திருக்கலாம்.

நம் ஊர்ப் பனிக்காலத்தில் இச்செடிகளுக்குப் பகை குளிரன்று, வறட்சியே. டிசம்பர் இறுதியில் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும் காற்றில் ஈரம் குறைகிறது. மேகம் விலகிய வெயில் இலைகளைச் சுடுகிறது. அந்நாட்களில் பாதி ஒளியை மறைக்கும் நிழல்வலை நலம். காலையில் நீர் தெளித்தால், இலை இடுக்குகள் இரவுக்குள் உலர்ந்து அழுகல் நோய் விலகும். தொட்டியில் மண் கூடாது; மரக்கரி, ஓட்டுத் துண்டு, தேங்காய் மட்டைத் துண்டு ஆகியவை போதும்.

மலைச் செடியைச் சமவெளிக்கு இறக்கும் ஆசையால் நட்டப்படுவது நம் பணம் மட்டுமன்று. திருவனந்தபுரம் மாவட்டமும் திருநெல்வேலி மாவட்டமும் சந்திக்கும் எல்லையில் அகத்தியமலை நிற்கிறது. அங்கு, சுமார் 1,400 மீட்டருக்கு மேற்பட்ட சரிவுகளில் மட்டுமே வாழ்வது பாஃபியோபெடிலம் ட்ரூரி என்ற ஆர்க்கிட். மஞ்சள் இதழ்களின் நடுவே கருஞ்சிவப்புக் கோடு ஓடும் இம்மலர் 1865ஆம் ஆண்டில் கண்டறியப்பட்டது. அந்த அழகே அதற்குக் கேடாக முடிந்தது. சேகரிப்போர் பெயர்த்துச் சென்றதில் அது அழிந்தேவிட்டது எனக் கருதப்பட்டு, 1970களில் மீண்டும் காணப்பட்டது. இன்றும் அது மிக அருகிய நிலையிலேயே உள்ளது. காட்டிலிருந்து எடுத்த ஆர்க்கிட்டை ஈடுசெய்வது எளிதன்று. தூசி போன்ற அதன் விதையில் சேமித்த உணவு இல்லை. குறிப்பிட்ட பூஞ்சையின் துணையின்றிக் காட்டில் அது முளைக்காது.

வழி இல்லாமலும் இல்லை. 1979ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட பாலோடு வெப்பமண்டலத் தாவரவியல் தோட்டம் மற்றும் ஆராய்ச்சி நிறுவனம், அரிய ஆர்க்கிட்டுகளைத் திசு வளர்ப்பு முறையில் பெருக்கிக் காட்டில் திரும்ப நடும் பணியை மேற்கொண்டுள்ளது. அதே முறையால்தான் கடைகளிலும் இலட்சக்கணக்கான செடிகள் நியாயமான விலைக்குக் கிடைக்கின்றன. ஆய்வுக்கூடத்தில் பிறந்த செடி இருக்கும்போது, காட்டுச் செடியை வாங்குவதற்கு எந்த நியாயமும் இல்லை என்பதே நம் கருத்து.

வாங்கும்போது இரண்டு கேள்விகள் போதும். ‘இதற்கு இரவில் எத்தனை டிகிரி வேண்டும்?’ என்பது முதலாவது. ‘இது பண்ணையில் வளர்ந்ததா?’ என்பது இரண்டாவது. ஒரே அளவிலான கன்றுகள் தொட்டியில் வேரூன்றி நின்றால் நம்பலாம். வேரில் மரப்பட்டை ஒட்டியிருக்க, அளவொவ்வாத இலைகளோடு கட்டுக்கட்டாக விற்கப்படும் செடிகளைத் தவிர்த்துவிட வேண்டும். குளிரை நாடும் மலர்களை மலையில் சென்று காண்போம். முற்றத்து மாமரத்தில் மரவாழையை ஏற்றுவோம்.